உழவர் கம்பெனிக்கு விளம்பர ஆள் தேவையா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் கரிசல் காட்டை நம்பி மானாவாரி வெள்ளாமை செய்யும் சிறு விவசாயிகள் பலர், விளைந்ததை ஒன்றுசேர்த்து விற்பதற்காக உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகளில் பங்குதாரர்களாகச் சேர்ந்திருக்கிறார்கள். குதிரைவாலி, கம்பு, சோளம், மக்காச்சோளம், உளுந்து, பாசிப்பயறு, மல்லி, மிளகாய் வற்றல் ஆகியவை இப்பகுதியின் முக்கிய சரக்குகளாகும். இவற்றை மூட்டையாக மட்டும் விற்றுவந்த கம்பெனிகள், இப்போது தானியத்தை அரிசியாக்கியும், பயறைப் பருப்பாக உடைத்தும், அரைக் கிலோ, ஒரு கிலோ பொட்டலங்களாக நேரடியாக வீடுகளுக்கு விற்க முற்படுகின்றன.

பொட்டலம் போடத் தொடங்கியதும் நிர்வாகக் குழுவில் ஒரு பேச்சு எழுவது வழக்கம். "வாட்ஸ்அப், பேஸ்புக், யூடியூப், இன்ஸ்டாகிராம் என்று ஊரே செல்போனில் இருக்கிறது. நம் சரக்கை அதில் காட்டுவதற்கென்று சம்பளத்துக்கு ஓர் ஆளைப் போட்டால் என்ன?" என்று ஒருவர் கேட்பார். "இருக்கிற ஆட்களுக்கே சம்பளம் கொடுக்க முடியவில்லை, செல்போன் தட்டுவதற்கு ஓர் ஆளா?" என்று மற்றொருவர் மறுப்பார். இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் இதில் செலவாகப்போவது பங்குதாரர்களான சிறு விவசாயிகளின் பணம். ஆகவே ஆசையையும் அச்சத்தையும் ஒதுக்கிவைத்துவிட்டுக் கணக்கைப் பார்த்து முடிவு செய்வதே முறையாகும்.

வேலை என்ன?

ஆளைப் பற்றிப் பேசுமுன் வேலையைப் பற்றித் தெளிவு வேண்டும். செல்போன் விளம்பரம் என்றால் படம் எடுத்துப் போடுவது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதில் ஐந்து வேலைகள் அடங்கியிருக்கின்றன.

முதலாவது, சரக்கைப் பற்றிய செய்தியையும் படத்தையும் தயார் செய்வது. இரண்டாவது, விசாரிப்பவர்களுக்கு உடனுக்குடன் பதில் சொல்வது. மூன்றாவது, ஆர்டர் எடுத்து, பணம் வந்ததைச் சரிபார்த்து, பார்சல் அனுப்புவது. நான்காவது, குறை சொல்பவர்களுக்குச் சமாதானம் சொல்லி, தேவையானால் சரக்கை மாற்றிக் கொடுப்பது. ஐந்தாவது, கம்பெனியின் உறுப்பினர்களுக்கு விலை, மழை, கொள்முதல் தேதி முதலிய விவரங்களைச் சொல்வது.

இவற்றில் முதல் வேலையில் மட்டுமே விளம்பரத் திறமை தேவைப்படுகிறது. மற்ற நான்கும் சரக்கையும் கணக்கையும் ஊரையும் அறிந்தவர் செய்யவேண்டிய வேலைகளாகும். சென்னையிலிருந்து ஓர் அம்மையார், "குதிரைவாலி அரிசி குழைகிறதே, எவ்வளவு தண்ணீர் ஊற்றவேண்டும்?" என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் அதைத் தன் வீட்டில் சமைத்துப் பார்த்தவராக இருக்கவேண்டும். வெளியூரில் அமர்ந்துகொண்டு பத்துக் கடைகளுக்குப் படம் போடும் நிபுணருக்கு இது தெரியாது.

ஆள் வேண்டும் என்பவர்களின் வாதம்

தனி ஆள் வேண்டும் என்பவர்களின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

"பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?" என்பது பழமொழி. அருப்புக்கோட்டைப் பக்கத்து மல்லிகைப் பூவுக்கு அது பொருந்தும். காலையில் பறித்த பூ அன்றே மதுரைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. வாங்குபவர் யாரென்று தெரியும். மணமே அதற்கு விளம்பரம். ஆனால் பிளாஸ்டிக் பையில் அடைத்த குதிரைவாலி அரிசிக்கு மணம் கிடையாது. நகரத்து இளம் குடும்பங்களில் பலருக்கு அதைச் சமைக்கும் முறை தெரியாது. தினையா, சாமையா, குதிரைவாலியா என்று பிரித்துச் சொல்லவும் தெரியாது. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு சிறுதானியத்தைப் பற்றிய பேச்சு பெருகியது. பேச்சைக் கேட்டவர் கடையைத் தேடும்போது, விளைவிக்கிற ஊரின் பெயர் அவர் கண்ணில் படவில்லையென்றால் லாபம் இடையில் நிற்பவருக்கே போய்ச் சேரும்.

இரண்டாவதாக, கம்பெனியின் முதன்மைச் செயல் அலுவலருக்கு நேரமில்லை. கொள்முதல், இடுபொருள் கடை, வங்கி, உரிமங்கள், அதிகாரிகளுக்கு அறிக்கை என்று அத்தனையும் ஒருவர் தலையில்தான் விழுகின்றன. தை, மாசி மாதங்களில் களத்து மேட்டில் எடை போட்டுக்கொண்டிருப்பவர், செல்போனில் வரும் விசாரணைக்குப் பதில் சொல்ல இரவு பத்து மணியாகிவிடும். அதற்குள் கேட்டவர் வேறிடத்தில் வாங்கிவிடுவார்.

மூன்றாவதாக, படித்த பிள்ளைகளுக்கு ஊரிலேயே ஒரு வேலை கிடைக்கும். திருப்பூருக்கும் சென்னைக்கும் போகிற பிள்ளைகளில் ஒருவரையாவது இது ஊரில் நிறுத்தும். இந்த வாதங்கள் மூன்றுமே உண்மையானவை. ஆயினும் இவை "வேலை தேவை" என்பதைத்தான் நிரூபிக்கின்றன. "முழுநேரப் பதவி தேவை" என்பதை நிரூபிக்கவில்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

மத்திய அரசு 2020-இல் தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் திட்டத்தின்படி, சமவெளிப் பகுதியில் ஒரு நிறுவனத்தில் குறைந்தது 300 உறுப்பினர்கள் இருக்கவேண்டும். நிர்வாகச் செலவுக்காக 3 ஆண்டுகளில் அதிகபட்சம் ரூ.18 லட்சம் வரை உதவி கிடைக்கிறது. இதில் முதன்மைச் செயல் அலுவலருக்கு மாதம் ரூ.25,000 வரையிலும், கணக்காளருக்கு மாதம் ரூ.10,000 வரையிலும் சம்பளத்துக்கு இடமுண்டு. விளம்பரத்துக்கென்று தனிச் சம்பளம் இல்லை. ஆகவே அப்படி ஓர் ஆளை வைத்தால், அவர் சம்பளம் முதல் மாதத்திலிருந்தே வியாபார லாபத்திலிருந்துதான் வரவேண்டும். 3 ஆண்டு உதவி முடிந்தபின் மற்ற இருவர் சம்பளமும் அதே லாபத்தில் ஏறிக்கொள்ளும் என்பதையும் மறக்கக்கூடாது.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் பார்க்கலாம். முழுநேர ஆளுக்கு மாதம் ரூ.15,000 சம்பளம் என்றும், செல்போன், இணையம், போக்குவரத்து, படச் செலவு ஆகியவற்றுக்கு மாதம் ரூ.2,500 என்றும் வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு ரூ.2,10,000 ஆகிறது. 300 பங்குதாரர்கள் உள்ள கம்பெனியில் தலைக்கு ரூ.700.

ஒரு கிலோ குதிரைவாலி அரிசியைப் பொட்டலமாக விற்பதில், கொள்முதல் விலை, அரவைக் கூலி, பை, பார்சல் எல்லாம் போக ரூ.20 மிஞ்சுவதாகக் கொள்ளலாம். அந்த ஆளின் செலவை ஈடுகட்ட மட்டும் 10,500 கிலோ அரிசி விற்கவேண்டும். 100 கிலோ தானியத்துக்கு 60 கிலோ அரிசி என்றால் இதற்கு 17,500 கிலோ தானியம் தேவை. மானாவாரியில் ஏக்கருக்கு 500 கிலோ மகசூல் என்றால் 35 ஏக்கர் விளைச்சல் முழுவதும் ஓர் ஆளின் சம்பளத்துக்கே போய்விடும். அதற்கு மேல் விற்பதில்தான் விவசாயிக்கு ஒரு காசு லாபம்.

இதிலுள்ள விலை, மகசூல், அரவை அளவு ஆகியவை ஊருக்கு ஊர் மாறும். ஒவ்வொரு கம்பெனியும் தன் கணக்குப் புத்தகத்திலுள்ள எண்களைப் போட்டு இந்தக் கணக்கைச் செய்து பார்க்கவேண்டும். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பதைச் செல்போனில் போடும் பணத்துக்கும் கடைப்பிடிப்பது நல்லது.

மற்றொன்றையும் பிரித்துப் பார்க்கவேண்டும். சரக்கில் பெரும்பகுதி மூட்டையாக விருதுநகர் வியாபாரிகளுக்கும், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கும், ஆலைகளுக்கும் போகிறதென்றால் அதற்கு விளம்பரமே தேவையில்லை. மொத்த வியாபாரி பார்ப்பது ஈரப்பதம், கல் மண், சுருங்கல், எடை ஆகியவற்றைத்தான். அழகான படத்தைப் பார்த்து எந்த வியாபாரியும் குவிண்டாலுக்கு ஐந்து ரூபாய் கூட்டிக் கொடுப்பதில்லை. அங்கே ஈரப்பதமானியும் சல்லடையும்தான் நல்ல விளம்பரங்கள். பொட்டல வியாபாரம் எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் விளம்பர வேலையும்.

வானொலி நெல் கற்பித்த பாடம்

புதிய செய்திச் சாதனம் வந்து விவசாயத்தில் மாறுதல் செய்வது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1960-களில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல் ரகம் தஞ்சை டெல்டாவில் குறுவைக்கு வந்தபோது, திருச்சி வானொலி நிலையத்தின் பண்ணை நிகழ்ச்சிகள் அதைப் பற்றி விவசாயிகளுக்கு விளக்கமாக எடுத்துச் சொல்லின. ரகம் வேகமாகப் பரவியது. மக்கள் அதை "வானொலி நெல்" என்றே அழைத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. சரக்கு நல்ல சரக்காக இருந்தது. சுமார் 105 நாளில் அறுவடைக்கு வந்தது. சொல்லப்பட்ட செய்தி, ஆராய்ச்சி நிலையத்திலும் வயலிலும் சோதித்த செய்தியாக இருந்தது. வானொலியில் இதற்கென்றே தனி ஆட்கள் இருந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் அவர்கள் பல மாவட்டங்களுக்குப் பொதுவான ஆட்கள். ஊருக்கு ஒருவர் என்றோ, சங்கத்துக்கு ஒருவர் என்றோ யாரும் வைக்கவில்லை. செலவைப் பலர் சேர்ந்து சுமந்ததால்தான் தேர்ந்த ஆட்களை வைக்க முடிந்தது.

இதற்கு மாறான உதாரணம் ஒன்றும் உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தினர் 2018-இல் தொடங்கிய "வில்லேஜ் குக்கிங் சேனல்" என்ற யூடியூப் நிகழ்ச்சி, 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களைக் கடந்தது. "அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அங்கே தாத்தாவும் பேரன்மார்களும் தாங்களே சமைத்து, தாங்களே படமெடுத்தார்கள். வெளியாளைச் சம்பளத்துக்கு வைத்து அவர்கள் தொடங்கவில்லை. மேலும் அவர்களுக்குப் படம்தான் வியாபாரம். உழவர் கம்பெனிக்குத் தானியம்தான் வியாபாரம். படம் அதற்கு உதவி மட்டுமே. கோடிப் பேர் பார்க்க வேண்டிய அவசியமில்லை. மாதந்தோறும் தவறாமல் வாங்கும் 500 குடும்பங்கள் கிடைத்தாலே ஒரு சிறு கம்பெனியின் பொட்டலங்கள் தேங்காமல் விற்கும்.

ஆகவே "இத்தனை ஆயிரம் லைக் வாங்கித் தருகிறோம்" என்று மாதக் கட்டணம் கேட்டு வருபவர்களிடம், "எத்தனை கிலோ விற்றுத் தருவீர்கள்?" என்று திருப்பிக் கேட்கவேண்டும். லைக்கை எடை போட்டு வாங்கும் மண்டி எங்கும் கிடையாது.

ஆபத்துகளும் உண்டு

விளம்பரத்தை முழுக்க முழுக்க வெளியாளிடம் ஒப்படைப்பதில் சில ஆபத்துகள் உள்ளன.

பொய் வாக்குறுதி: "இந்த அரிசி சர்க்கரை நோயைக் குணமாக்கும்", "புற்றுநோய் வராது" என்றெல்லாம் எழுதினால் சரக்கு விற்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். உணவுப் பொருளைப் பற்றி இப்படிச் சொல்வது சட்டப்படி குற்றமாகும். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் 2006-இன்படி, தவறான விளம்பரத்துக்கு ரூ.10 லட்சம் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விடுவார். அபராதம் கம்பெனியின் தலையில் விழும்.

தவறான சாகுபடி யோசனை: மக்காச்சோளத்தைத் தாக்கும் அமெரிக்கப் படைப்புழு 2018-இல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இப்படிப் புதுப் பூச்சி வரும் சமயங்களில் செல்போனில் பலவிதமான மருந்து யோசனைகள் சுற்றுகின்றன. எங்கிருந்தோ வந்த யோசனையைக் கம்பெனியின் பெயரில் குழுவில் அனுப்பிவிட்டால், உறுப்பினர்கள் அதை நம்பி அடித்துவிடுவார்கள். பயிர் கருகினால் அத்துடன் கம்பெனியின் பெயரும் கெட்டுவிடும். பூச்சி, நோய், உரம் பற்றிய எந்தச் செய்தியும் கோவிலாங்குளத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ, வட்டார வேளாண்மை அலுவலகத்திலோ கேட்டு உறுதி செய்த பின்பே அனுப்பப்படவேண்டும்.

சாவி யார் கையில்?: விளம்பர ஆள் தன் சொந்த எண்ணிலும் சொந்தப் பெயரிலும் பக்கங்களைத் தொடங்கிவிட்டு, பின்னர் வேலையை விட்டுப் போனால் வாடிக்கையாளர்களும் அவருடனேயே போய்விடுவார்கள். கிடங்குச் சாவியை இரண்டு பேரிடம் வைப்பது போல, இந்தக் கடவுச்சொற்களையும் தலைவரிடமும் செயல் அலுவலரிடமும் எழுதி வைத்திருக்கவேண்டும். சிம் கார்டு கம்பெனியின் பெயரில் இருக்கவேண்டும்.

பண மோசடி: "பணம் அனுப்புகிறேன், ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்று வரும் அழைப்புகள் பெருகியிருக்கின்றன. யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. கொடுப்பதற்கு மட்டுமே தேவை. ஏமாற்றப்பட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கவேண்டும். கம்பெனி போனைக் கையாளும் யாருக்கும் முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுக்கவேண்டும்.

மூன்று படிகள்

அப்படியானால் என்ன செய்யலாம்? கம்பெனியின் பொட்டல வியாபார அளவைப் பொறுத்து மூன்று படிகளாக இதைச் செய்வது பொருத்தமாகும்.

முதற்படி: பொட்டல வியாபாரம் மாதத்துக்குச் சில நூறு கிலோ அளவில் இருக்கும் கம்பெனிக்குப் பகுதிநேர ஆள் போதும். உறுப்பினர் குடும்பத்தில் படித்த பெண்ணோ பையனோ தினம் இரண்டு மணி நேரம், காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று வேலை செய்யலாம். மாதம் ரூ.4,000 கொடுத்தால் ஆண்டுக்கு ரூ.48,000 ஆகும். மேலே சொன்ன கணக்குப்படி 2,400 கிலோ அரிசி, அதாவது 8 ஏக்கர் விளைச்சல் விற்றால் இந்தச் செலவு ஈடாகிவிடும். 35 ஏக்கர் எங்கே, 8 ஏக்கர் எங்கே! சம்பளத்தோடு, விற்ற ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு சிறு ஊக்கத்தொகை வைத்தால் அக்கறை கூடும். வீட்டைவிட்டு வெளியூர் போக முடியாத பெண்களுக்கு இது ஏற்ற வேலையாகும். உறுப்பினர் பிள்ளை என்பதற்காகச் சம்பளமில்லாமல் வேலை வாங்குவது கூடாது. கூலியில்லாத வேலை நாலு வாரத்துக்கு மேல் நடக்காது.

சாதனச் செலவும் பெரிதல்ல. 2018-இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைக் கட்டணமின்றி உபயோகிக்கலாம். சரக்குப் பட்டியல், விலை, வேலை நேரம் ஆகியவற்றை அதில் நிரந்தரமாகப் போட்டுவைக்கலாம். பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் துணியில் தானியத்தைக் கொட்டிச் சாதாரணச் செல்போனில் எடுத்த படமே போதுமானது.

இரண்டாம்படி: வியாபாரம் வளர்ந்து, பகுதிநேர ஆளால் சமாளிக்க முடியாத நிலை வந்தால், அருகருகேயுள்ள கம்பெனிகள் சேர்ந்து ஒரு தேர்ந்த ஆளை வைக்கலாம். அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி, நரிக்குடி வட்டாரங்களில் நான்கு கம்பெனிகள் சேர்ந்தால், ரூ.2,10,000 செலவு தலைக்கு ரூ.52,500 ஆகக் குறைந்துவிடும். ஒருவரிடம் குதிரைவாலி, ஒருவரிடம் மல்லி, ஒருவரிடம் மிளகாய், ஒருவரிடம் பருப்பு என்று சரக்கும் கூடும். வாங்குபவருக்கும் ஒரே பார்சலில் நாலு சாமான் கிடைக்கும். பார்சல் கூலி கட்டுப்படியாகும்.

"பணத்தை யார் எவ்வளவு போடுவது?" என்ற சண்டை வராமலிருக்க, இந்தப் பூமியிலேயே ஒரு பழைய வழி இருக்கிறது. விருதுநகர், அருப்புக்கோட்டை வியாபாரிகள், தாங்கள் விற்கும் சரக்குக்கு ஏற்ப ஒரு சிறு தொகையை மகமையாக எடுத்துப் பொது நிதியில் சேர்த்தார்கள். கூடுதலாக விற்றவர் கூடுதலாகக் கொடுத்தார். விருதுநகரில் 1889-இல் தோன்றிய க்ஷத்திரிய வித்யாசாலா பள்ளி அப்படிப்பட்ட மகமைப் பணத்தில் வளர்ந்ததுதான். பெருந்தலைவர் காமராஜர் படித்த பள்ளி அது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் இத்தனை காசு என்று மகமை வைத்து, அதிலிருந்து பொது ஆளின் சம்பளத்தைக் கொடுத்தால், விற்காத கம்பெனிக்குப் பாரமில்லை. விற்ற கம்பெனிக்கு வருத்தமில்லை.

மூன்றாம்படி: பொட்டல வியாபாரத்தில் மிஞ்சும் தொகை, விளம்பர ஆளின் மொத்தச் செலவைப் போல மூன்று மடங்காவது இருந்தால் மட்டுமே ஒரு கம்பெனி தனக்கென முழுநேர ஆள் வைக்கலாம். அதற்குக் குறைவாக இருக்கும்போது வைப்பது, கிணற்றில் தண்ணீர் ஊறுமுன் பத்துக் குதிரைத் திறன் மோட்டார் வாங்குவதற்குச் சமமாகும்.

முதலில் உறுப்பினர், பிறகு வாடிக்கையாளர்

செல்போன் என்றதும் எல்லோரும் வாங்குபவரைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் கம்பெனிக்கு உடனடியாகப் பலன் தருவது உறுப்பினர்களோடு வைக்கும் தொடர்புதான். "புதன்கிழமை திருச்சுழியில் மல்லி எடை போடப்படும், ஈரம் இல்லாமல் கொண்டுவரவும், இன்றைய விலை இவ்வளவு" என்று ஒரு செய்தி நேரத்தில் போய்ச் சேர்ந்தால், லாரி பாதி காலியாகத் திரும்பாது. உறுப்பினரும் அவசரத்துக்குத் தரகரிடம் போட்டுவிட மாட்டார்.

ஒரு வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை சேரலாமாதலால், 300 உறுப்பினர்களுக்கு ஒரே குழு போதும். நிர்வாகிகள் மட்டும் செய்தி அனுப்பும்படி அதை அமைத்துவிட்டால், வணக்கப் படங்களுக்கும் அரசியல் வாக்குவாதங்களுக்கும் இடையில் விலை நிலவரம் புதைந்து போகாது. எழுத்துப் படிக்க இயலாத பெரியவர்களுக்காகச் செய்தியைக் குரலில் பேசி அனுப்பவேண்டும். சாதாரண போன் வைத்திருப்பவர்களும் உண்டு. அவர்களுக்காக அதே செய்தியை ஊர் மந்தையிலோ ரேஷன் கடையருகிலோ உள்ள கரும்பலகையில் எழுதிவைக்கவேண்டும்.

வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டிய செய்தியும் பருவத்தோடு சேர்ந்தே வருகிறது. புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. மார்கழி, தையில் குதிரைவாலி அறுவடை. தை, மாசியில் மல்லி. மாசியிலிருந்து சித்திரை வரை மிளகாய்ப் பழம் களத்தில் காய்வது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு படம், நாலு வரி போதும். காட்டில் நடக்காததைக் கற்பனை செய்து எழுத வேண்டியதில்லை. மழை பொய்த்து மகசூல் குறைந்தால் அதையும் சொல்லிவிடலாம். விலை ஏன் ஏறியது என்பது வாங்குபவருக்கும் விளங்கும்.

இதற்கெல்லாம் அடிப்படை சரக்கின் தரம். தீட்டிய சிறுதானிய அரிசி நாள்பட்டால் காறல் வாடை அடிக்கும். ஆகவே தானியமாகவே இருப்பு வைத்து, ஆர்டருக்கு ஏற்ப அவ்வப்போது அரைத்து, அரைத்த தேதியையும் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும் பையில் அச்சிட வேண்டும். கல் கிடந்த ஒரு கிலோ அரிசியைப் பற்றி ஒருவர் எழுதும் நாலு வரி, ஓர் ஆண்டு விளம்பரத்தை அழித்துவிடும். கையிலிருக்கும் பணம் ஒரு வேலைக்குத்தான் போதுமென்றால், விளம்பர ஆளுக்கு முன்னால் கல் நீக்கும் இயந்திரத்துக்குச் செலவழிப்பதே உத்தமம்.

பொதுக்குழுவில் கேட்க வேண்டிய கேள்விகள்

விளம்பர ஆள் நியமனம் பற்றிய தீர்மானம் பொதுக்குழுவுக்கு வரும்போது, பங்குதாரர்கள் கைதூக்குமுன் நான்கு கேள்விகளைக் கேட்கவேண்டும். சென்ற ஆண்டு எத்தனை கிலோ பொட்டலமாக விற்றது, கிலோவுக்கு என்ன மிஞ்சியது? செல்போன் மூலம் வந்த ஆர்டர் எத்தனை? வருகிற ஆள் எத்தனை கிலோ கூடுதலாக விற்றால் அவர் சம்பளம் ஈடாகும்? ஆறு மாதத்தில் அந்த அளவு வராவிட்டால் என்ன செய்வது?

இரண்டாவது கேள்விக்குப் பதில் இருக்கவேண்டுமானால் இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் போடவேண்டும். வாங்குகிற ஒவ்வொருவரிடமும் "எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது?" என்று கேட்டு, கண்காட்சியா, உறவினரா, வாட்ஸ்அப்பா, யூடியூபா என்று குறித்து வரவேண்டும். ஆறு மாதம் கழித்து அந்த நோட்டைப் புரட்டினால், ஆள் தேவையா இல்லையா என்பதை எந்த நிபுணரையும் கேட்காமல் தெரிந்துகொள்ளலாம். உறவினர் சொல்லித்தான் பாதிப்பேர் வந்தார்கள் என்றால், இருக்கிற வாடிக்கையாளரை நன்றாகக் கவனிப்பதே பெரிய விளம்பரம் என்று விளங்கும். செல்போன் மூலம் மாதாமாதம் கூடிவருகிறது என்றால், அடுத்த படிக்குத் தைரியமாகப் போகலாம்.

செல்போன் வேலையை வேண்டாமென்று ஒதுக்கினால், சரக்கை விளைவித்தவர் பெயர் வெளியே தெரியாமலேயே போகும். கணக்குப் பார்க்காமல் ஆளை வைத்தால், பங்குத் தொகை சம்பளமாகக் கரையும். வேலையை இன்றே தொடங்கி, பதவியைக் கணக்குப் பார்த்தபின் உண்டாக்குவதே அருப்புக்கோட்டை, திருச்சுழி பூமியின் சிறு விவசாயிகளுக்கு ஏற்ற வழியாகும்.